ஒரு மீற்றர் அகலம்

அம்பகாமம் காட்டுக்குள்
எனக்கென்று அளந்து தந்த ஒழுங்கை
ஒரு மீற்றர் அகலம்.
முழங்காலில் இருந்து,
முகக்கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்குப் புழுங்க,
கருவி கத்துகிற இடத்தில் மண்ணைச் சுரண்டுகிறேன்,
பக்கவாட்டில், நகத்தளவு நகத்தளவாக.
சில நாள் பின்னேரம்வரை கிண்டினாலும்
ஒரு பாய் விரிக்க இடம் வராது.
அதற்குத்தான் சம்பளம்.
கண்ணிவெடிக்கு அவசரம் ஆகாது.

வீட்டில் யதுசிகா
சோற்றுக்கோப்பையோடு கதவடிக்குப் போய்,
அணிலைக் கண்டு, குழாயைத் திறந்து,
பென்சில் தேடப் போய்ச் சைக்கிளில் ஏறி,
தாங்கித் தண்ணீர் முழுக்க வாழையடிக்குப் போன பிறகு
"அம்மா, நான் என்னத்துக்கு வந்தனான்?" என்கிறாள்.
எட்டு வயது.
இந்தத் தவணையில் மூன்றாவது சோடிச் செருப்பு.

ரீச்சர் சொன்னா: "கதிரையில முள்ளு இருக்கிற மாதிரி."
பக்கத்து வளவு சொன்னது:
"பொம்பிளைப் பிள்ளை, இப்பவே அடக்கி வையும்."
யாரோ நூல் கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.
இரண்டாம் நாள்
நூலையும் துலைச்சுப்போட்டு வந்தாள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
டொக்டர் அவளோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தார்.
எனக்குக் கேட்க இருந்தது ஒன்றுதான்:
பதினாலு வயதில் பங்கருக்குள் நான் நடுங்கினது
இவளுக்குள் போயிருக்குமா?
அவர் பேனையை மூடி வைத்தார்.
"உங்கட பிழையில்லை. பிள்ளையின்ர பிழையுமில்லை."
பஸ்ஸில் மாங்குளம்வரை
அந்த இரண்டாவது வசனத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அடித்திருக்கிறேன்.
ஈர்க்கு முறிய, ஒரு தரம்.
அவள் அழுதுகொண்டே
முறிந்த துண்டுகளை எண்ணினாள்.
ஐந்து.

குளிசை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.
பகலில் பசிக்காது.
இரவு ஒன்பதரைக்குப் புட்டுக் கேட்பாள். அவிக்கிறேன்.

பிறகொரு நாள் வேலைத்தலத்தில் விசில் ஊத,
கருவியை வைத்துவிட்டுப் பாலைமர நிழலுக்கு நடக்கையில்
உறைத்தது:
முப்பது நிமிடத்துக்கு மேல்
எங்களையே நம்புவதில்லை இவர்கள்.
வளர்ந்த பெண்கள், பயிற்சி எடுத்தவர்கள்,
கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு எழுதி வைத்திருக்கிறது.
எட்டு வயதை எந்தச் சட்டத்தில்
ஒரு மணித்தியாலம் கதிரையில் இருத்தினேன்?

அன்றிரவு கணக்குக் கொப்பியில்
இரண்டு ஐஸ்பழக் குச்சி,
நுனியில் சிவப்பு நகப்பூச்சு.
இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிவரை மட்டும்.
மூன்று கணக்கு. பிறகு விசில்.
வளவைச் சுற்றி ஓடு,
கிணற்றடிக்கு மட்டும் போகாதை.
சில நாள் சரிவரும்.
நேற்று அந்தக் குச்சிகளால்
நாய்க்குட்டிக்கு வாசல் கட்டினாள்.

போன கிழமை ஒழுங்கைக்குள்
என் மனந்தான் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டது.
இவர் குளிசை குடுத்திருப்பாரா, குடுத்திருப்பாரா.
பின்னாலிருந்து கௌசலாதேவி அக்கா:
"சுகிர்தா, கவனம்!"
கை அந்தரத்தில் நின்றது.

போத்தலை மறப்பாள், தொப்பியை மறப்பாள்,
கையில் பிடித்திருக்கிற சீப்பைத் தேடுவாள்.
ஆனால் ஐந்தேகாலுக்கு வாகனச் சத்தம் கேட்டால்
பாயிலிருந்து எழும்பி
வெறுங்காலோடு றோட்டுவரை ஓடி வருவாள்.
ஒரு நாளும் தவறினதில்லை.
"அம்மா, கவனம்."

சொல்லிப்போட்டு
வாய்க்கால் பக்கம் எதையோ கண்டு பாய்கிறாள்.
படலை திறந்தபடி.
வாகனம் திரும்புகையில் பார்க்கிறேன்,
சிவபாக்கியத்தின் ஆடு இரண்டும்
என் மிளகாய்க் கன்றுகளுக்குள்
மெல்ல,
அவசரமே இல்லாமல்.