நாலு மணி

நாலு மணிக்கு இடுப்பு என்னை எழுப்பும்.
புரண்டு படுக்க மூன்று தவணை:
முதலில் முழங்கால், பிறகு மூச்சு,
கடைசியில் கட்டில் சட்டத்தைப் பற்றும் கை.

தூக்கம் கெடுகிறதென்று
ஔடுன் பக்கத்து அறைக்குப் போய்விட்டான்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
சொல்வேன்.

நாயைக் கூட்டிக்கொண்டு துறைவரை நடப்பேன்.
ஜனவரியில் அது நள்ளிரவு, ஜூனில் பட்டப்பகல்.
மார்ச்சில், உலரப் போட்ட காட் மீன்கள்
மரச்சட்டங்களில் தலைகீழாக விறைத்துத் தொங்கும்.
"நம்ம ஆட்கள்" என்பேன் லூர்வாவிடம்.
நடக்க நடக்க இடுப்பு இளகும்.
ஆறரைக்குள் நான் மனுஷி.

ஏழு மணிப் படகில் ஆரஞ்சுச் சட்டையோடு
கார்களை வரிசையில் ஏற்றுவது என் வேலை.
பின்னால் வரும் லாரியைப் பார்க்கக் கழுத்து திரும்பாது.
பாதத்திலிருந்து முழு உடம்பையும் திருப்புவேன்,
கலங்கரை விளக்கைப் போல.
ஒரு ஜெர்மன் குழந்தை அதை நடனமென்று நினைத்து
கண்ணாடிக்குள்ளிருந்து கை தட்டியது.

பன்னிரண்டு வருஷம்.
பிரசவத்தால் வந்தது என்றார் முதல் டாக்டர்.
அப்போது மகனுக்கு ஐந்து வயது.
மெத்தையை மாற்றச் சொன்னார் அடுத்தவர்.
மாற்றினேன், கடனில். கடன் தீர்ந்தது.
இன்னொருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"அழகான முதுகெலும்பு" என்றார்,
வீடு விற்பவர் மாதிரி.
எல்லோரும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.
ஓய்வெடுத்த நாட்களில்தான் செத்தேன்.

போடோ ஆஸ்பத்திரியில் டாக்டர் இசாக்சென்,
ஜோடி சேராத காலுறைகளோடு ஒரு சின்னப் பெண்,
கணினியை விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:
"காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?
நடந்தால் கூடுமா, குறையுமா?"

பதில் பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருந்தது.
கேள்விதான் வந்து சேரவில்லை.

வாயைத் திறந்தால் அழுகை, மூக்கு ஒழுக.
அவர் டிஷ்யூவைத் தேடினார், காணோம்.
பரிசோதனைக் கட்டிலின் காகித விரிப்பை
ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார்.

பிறகு ரத்தம், ஸ்கேன்.
இடுப்பும் முதுகும் சேரும் இடத்தில்
வெள்ளையாக எரியும் இரண்டு விளிம்புகள்.
"இதோ" என்று விரல் வைத்தார்.
நானும் வைத்தேன்.

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.
திரும்பும் படகில், காருக்குள் உட்கார்ந்து
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
சந்தோஷம் மோஸ்கெனெஸ் மலைகள் தெரியும்வரை இருந்தது.
அதற்குப் பிறகு கோபம்.
"தூக்கு" என்று கை நீட்டிக்கொண்டு நின்றவன்
இப்போது என்னைவிட ஒரு தலை உயரம்.
யாரிடம் போய்க் கேட்க?

ஊசி பேனா மாதிரி இருக்கிறது.
ஃப்ரிட்ஜில் பழுப்புச் சீஸுக்கும்
ஹெர்ரிங் புட்டிக்கும் நடுவே அதன் இடம்.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொடையில்.
ஒரு க்ளிக், பத்து எண்ணு, இன்னொரு க்ளிக்.
முதல் ஊசிக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதுக்கும் ஒன்றுமில்லை.
"பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் நர்ஸ் தொலைபேசியில்.
எனக்கா சொல்லித் தருகிறார்!

ஏழாவது வாரம், வியாழக்கிழமை.
கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன்.
லூர்வா வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறாள்,
நாலு மணியிலிருந்து நிற்கும் முகத்தோடு.
காலடியில் கம்பளத்தின் ஒரு மூலை காலி.

மணி ஏழே கால்.
படகு போய்விட்டது.
தொலைபேசியில் ஒன்பது தவறிய அழைப்புகள்.
பத்தாவதை எடுத்தேன்.
"சுன்னிவா, என்ன ஆச்சு? மறுபடியும் உடம்பா?"
ஸ்தோலேயின் குரலுக்குப் பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"இல்லை" என்றேன்.
"தூங்கிப் போய்விட்டேன்."