கிர்ணிப்பழம்

தண்டையார்பேட்டை, இரண்டாவது மாடி.
பாரசீகத்தில் ஒரு வரி:
அன்று அமைச்சர் அவைக்கு வரவில்லை.
சுல்தான் கிர்ணிப்பழம் கேட்டார்.

அவ்வளவுதான்.
அடுத்த பத்தி, குதிரைத் தீவனக் கணக்கு.

பழம் ஒரு குறி என்று எழுதிக் கொடுத்தேன்.
நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையில்:
'பழம் பழமாகவும் இருக்கலாம், ருக்சானா.'
இருக்கலாம்தான்.
ஹிஜ்ரி தேதியைக் கணக்குப் போட்டேன்.
தை மாதம்.
ஆறு உறைந்து கிடந்ததாக அவனே
முந்தின பக்கத்தில் சொல்கிறான்.
எவன் விற்றான் அங்கே கிர்ணி?

கொன்றவனிடம் சம்பளம் வாங்குகிறவன்
கொலையை எங்கே வைப்பான்?
தட்டில் வைத்தான்.
விதை நீக்கி.

கீழே எண்ணூர் சாலை நெடுக
கன்டெய்னர் லாரிகள், நேற்றிலிருந்து அதே இடத்தில்.
எதிர்வீட்டு இருதயராஜை,
ஹார்பரில் லாஷிங் வேலை,
செவ்வாய் ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.
வியாழன் பேப்பரில் நாலு வரி.
விசாரணையின்போது நெஞ்சுவலி.
முன்னதாக அவருக்கு
டீ வாங்கிக் கொடுக்கப்பட்டது.

ரெஜினா படியில் உட்கார்ந்திருக்கிறாள்.
யாரோ அவளுக்கு அதைப் படித்துக் காட்ட,
'அல்சருப்பா அதுக்கு' என்கிறாள்,
'டீய தொடாது.'
திரும்பவும் அதையே.
நெஞ்சுவலியைப் பற்றி
அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மேலே வந்து
பென்சிலைத் தேடினேன்.
டீ என்ற சொல்லுக்குக் கீழே
ஒரு கோடு.
எந்த அத்தியாயத்தில் சேரும், தெரியவில்லை.
யார் வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள்?
வாக்கியத்தில் ஆளே இல்லை.

பேப்பரில்
அதற்கு அடுத்த செய்தி:
காசிமேட்டில் வஞ்சிரம்
கிலோவுக்கு நூறு ரூபாய் கூடியது.