போர்டை இன்னும் இறக்கவில்லை

எண்ணூர் நெடுஞ்சாலையில் பத்தொன்பது மணி நேரமாக
நகராத வரிசையில் என் வண்டி.
கீழ்க் கடைவாயில் ஒரு பல்.
வலி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது
காதுக்கும் பிடரிக்கும்.

டில்லிபாபுவை ஸ்டியரிங்கில் உட்கார்த்திவிட்டு
ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு
மண்ணடியில் இறங்கினேன்.
பேரிங் கடைக்கும் செயின் கடைக்கும் நடுவே
ஒரு ஆள் ஒருக்களித்து ஏறும் படிக்கட்டு.
மேலே, பெயிண்ட் உதிர்ந்து
பாதிப் பல்லோடு சிரிக்கும் போர்டு:
சீனப் பல் வைத்தியர், மாடியில்.

மாடியில் நாலு குட்டை மேசைகள்.
ஜன்னலோரம் பல் பிடுங்கும் நாற்காலி.
அதன் எச்சில் கிண்ணத்தில்
மணிபிளான்ட் தழைத்திருந்தது.

"டீக்கடைங்க இது. பல்லு பார்த்தது எங்கப்பா.
அவர் போய் ஆறு வருசம் ஆச்சு.
எனக்கு அடுத்தவங்க வாயைக் கண்டாலே ஆகாது."
டோரிஸ் ஹூ. முகம் ஒரு நாடு,
தமிழ் தம்புச்செட்டித் தெரு.
"போர்டை எறக்கலையா?"
"எறக்குனா செவுத்துல நாலு ஓட்டை.
ஓட்டைக்கு ஓனர் அட்வான்ஸ்ல கழிப்பான்.
மாசம் ரெண்டு பேர் கன்னத்தைப் புடிச்சுக்கினு வருவாங்க.
ஒருத்தராவது உக்காருவாங்க."

படி இறங்க நினைத்தாலே பல் தெறித்தது.
உட்கார்ந்தேன்.

கட்டெறும்பு நிறத்தில் ஒரு மண் கெண்டி.
வெந்நீர் ஊற்றினாள்.
ஊற்றியதை அப்படியே
மூங்கில் தட்டில் கவிழ்த்தாள்.
எனக்குப் பதறியது.
கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்தில்
லாரித் தண்ணீர் சிந்தினால்
மூன்று வீட்டுக்குப் பேச்சு நின்றுபோகும்.
"மொதத் தண்ணி இலையைக் கழுவுறதுக்கு" என்றாள்.
தட்டுக்குக் கீழே ட்யூப், ட்யூபுக்குக் கீழே வாளி.
"அதுலதான் படிக்கட்டு கழுவுவேன்.
முப்பத்தஞ்சு ரூபா கேன் தண்ணி, சும்மா உடுவேனா?"

இருமல் மருந்து மூடி அளவு கிண்ணம்.
"சர்க்கரை?" என்றேன்.
என் கன்னத்தைப் பார்த்தாள். நான் மறுபடி கேட்கவில்லை.

வலிக்காத பக்கமாய்ச் சாய்த்துக் குடித்தேன்.
மழையில் நனைந்த சணல் சாக்கு
என்று முதலில் தோன்றியது.
மூன்றாம் கிண்ணத்தில் சாக்கு காய்ந்திருந்தது.
ஒவ்வொரு முறையும் உதடு மட்டும் அசைய
விநாடிகளை எண்ணினாள்.
எந்த மொழியில் என்று தெரியவில்லை.
பத்து. பதினைந்து. இருபத்தைந்து.
நானும் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

காத்திருப்பது என் தொழில்.
நடைக்குக் கூலி உண்டு, நிற்பதற்கு இல்லை.
இங்கே நிற்பதற்கு
நான் நூற்றியெண்பது ரூபாய் கொடுக்க வேண்டும்.
கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

விரலைத் தேநீரில் தொட்டு
மேசைமேல் ஒரு எழுத்து போட்டாள்.
மேலே புல், கீழே மரம், நடுவில் ஒரு ஆள்.
"இதான் டீ. சா-ன்னு படிக்கணும்."
"எங்க பாஷைல அது செத்துப்போன்னு அர்த்தம்."
"எங்க பாஷைன்னு சொல்லுங்க" என்றாள்,
என்னையும் சேர்த்துக் காட்டி.
"அதனாலதான் வர்றவங்ககிட்ட சாயான்னு சொல்லிடுவேன்."
சிரித்தேன்.
பல் பழிவாங்கியது.

ஆறாவது தண்ணீர் ஊற்றும்போது போன்.
"அண்ணே, வரிசை நகருது! எங்கண்ணே கீறே?"
எழுத்து அதற்குள் காய்ந்திருந்தது.
ஆள் முதலில் போயிருந்தான்,
மரம் கொஞ்சம் இருந்தது.

போனேன். நகர்ந்தது நாலு வண்டி நீளம்.
மறுபடி நின்றோம்.
முன்னால் நின்ற பெட்டியின் முதுகில்
பதினோரு வருடமாய் நான் இழுக்கிற
அதே சீன எழுத்துகள்.
புல்லைத் தேடினேன், மரத்தைத் தேடினேன்.
அடுத்த பெட்டியிலும் இல்லை.

"பல்லு புடுங்கியாச்சா?" என்றான் டில்லிபாபு.
"இல்ல."
"பின்ன இவ்ளோ நேரம்?"
சொன்னால் நூற்றியெண்பதையும் சொல்ல வேண்டும்.

நாளைக்கு ஸ்டான்லியில் சீட்டு போடணும்.
இப்போதைக்கு நாக்கு
அந்தப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.
இடையில் எங்கேயோ
காய்ந்த சாக்கின் வாசம்.