சரத்து மூன்று

இருநூறு ரூபாய்ப் பத்திரத்தில் நான்தான் தட்டச்சினேன்:
ஆட்டத்தின் காட்சியும் ஓசையும்
ஓசையில் கேட்கும் பெயர்களும்
ஜக்கரியா கேபிளுக்கு மட்டுமே.
"வசவும் சேர்த்தா?" என்றார்
பதினொருவர் கழகச் செயலாளர் ஹாஜா மைதீன்.
வசவு வந்தால் ஒலியைக் குறைப்போம் என்றேன்.

மூன்று வருடத்துக்கு நாற்பதாயிரம்.
கூத்தாநல்லூர்ப் பள்ளித் திடல், இரும்புக் கம்பம், புது வலை,
தொண்ணூறு நிமிடம், நடுவில் கால் மணி.
அந்தக் கால் மணிக்குள்
ஆறு ஜவுளிக்கடை, நாலு நகைக்கடை, ஒரு அறுப்பு மிஷின் வாடகை
அடங்கும் என்று விரல் விட்டிருந்தார் ஜக்கரியா.

மாசியில்,
சம்பா அறுத்த வயலில்
அரிதாளை மிதித்து மிதித்தே ஒரு திடல் பண்ணிவிட்டார்கள்.
ஏழு பேர் ஆட்டம்.
பக்கிரிசாமி மகன் நடத்துகிறான்.
ஆஃப்சைடு கிடையாது.
வரப்பில் பட்டுத் திரும்பினால் அதுவும் பாஸ்.
இருபது நிமிடத்தில் பாதி ஆட்டம் முடிந்து
ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்கிறார்கள்;
ஐந்து நிமிடத்தில்
ஒரு நகைக்கடைகூட நிம்மதியாகச் சிரிக்க முடியாது.
ஆனால் சனம் அங்கேதான்.
மடை மாறிய தண்ணீரை
பத்திரம் காட்டியா திருப்புவது?

ஜக்கரியா அதற்கும் கையெழுத்துப் போட்டார்.
இரண்டு இறுதியாட்டமும் ஒரே சனிக்கிழமை, ஒரே இரவு.
சேனல் ஒன்று.
மேட்டூரில் மட்டம் இறங்கினால்
வெண்ணாற்றுக்கு ஆறு நாள், காவிரிக்கு ஆறு நாள் என்பார்களே,
அப்படி முறை வைத்தார்.
பத்து நிமிடம் பதினொன்று, பத்து நிமிடம் ஏழு.

லெட்சுமாங்குடி டீக்கடையில்
ஒரு ஆட்டத்தின் கோலுக்கு
இன்னொரு ஆட்டத்துக்காரன் கைதட்டினான்.
நான் வர்ணனையில்
இந்தத் திடலின் கோல்கீப்பரை
அந்த வயலில் பாய விட்டேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை,
கோல்கீப்பரின் மாமியாரைத் தவிர.

ஒன்பது மணிக்கு ஜக்கரியாவின் போன்.
"ஜுலைஹா வீட்டு மொட்டைமாடியில் எவனோ லைவ் போடுறான்.
சரத்து மூன்றைக் கொண்டுபோய்க் காட்டு."
மைக்கைக் கேமராக்காரனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

எவனும் இல்லை. ஜுலைஹா அக்காதான்.
துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கியது போன்.
குவைத், சலாலா, ஜோகூர் என்று
இருநூற்று ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிற கேமராக்களுக்கு அனுமதி இல்லை என்று
முழுதாக வாசித்தேன்.
"நான் எங்க தம்பி ஆட்டம் காட்டுறேன்?
துணி காயப்போட்டிருக்கேன்," என்றாள்.
கொடியில் ஒரே ஒரு தலையணை உறை.

அப்போதுதான் பார்த்தேன்.
அந்த மாடியிலிருந்து
மதிலுக்கு இந்தப் பக்கம் பதினொன்றும்
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏழும்
ஒன்றாகத் தெரிந்தன.
இரண்டு விளக்கு வட்டங்கள்,
நடுவில் இருட்டாகத் தவளைச் சத்தம்.
சத்தத்துக்கு யாரும் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.

திரையில் ஒருவன் எழுதினான்:
அக்கா, பக்கத்தில பேசுறது கேபிள் கமென்ட்ரிக்காரரா?
ஸ்கோர் சொல்லச் சொல்லுங்க.

பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
போனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் போய்
எந்த ஆட்டத்துக்கு என்று கேட்டேன்.