லேசான சமையல் மட்டும்

வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது வரி அது.
லேசான சமையல் மட்டும்.
தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது,
ஏர்கான் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை.
கையெழுத்துக்கு முன் மேடம் குவெக்
அந்த வரியின்மேல் விரலை வைத்து
என்னைப் பார்த்தார்,
குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையைப் பார்ப்பதுபோல.

அதனால்தான் இந்த ஸ்லோ குக்கர்.
புக்கிட் பாத்தோக் ரயில் நிலைய வாசலில்
பேர் தெரியாத ஒருத்தியிடம்
பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கியது.
மூடியில் கீறல். புகையாது, சீறாது.
மூன்று நாளாக எங்கள் அறையில்
முறைத்துக்கொள்ளாத ஒரே பொருள்.

இளவழுதி துவாஸில், ஓவர்டைம்.
எங்கள் பேச்சு இப்போது
"சாவி எங்கே", "குளிச்சாச்சா" அளவில்.

மாவு ஒரு கப். கோக்கோ, கண் திட்டமாக.
பேக்கிங் பவுடர், போன மாதமே காலாவதி, பரவாயில்லை.
பழுப்புச் சர்க்கரை பொட்டலத்திலேயே கல்லாகிக் கிடந்தது.
சாவிக்கொத்தால் இடித்தேன், பற்றவில்லை,
மீதிக்கு குலா மலாக்காவைச் சீவிப் போட்டேன்.
பால். உருக்கிய வெண்ணெய். உப்பு.
தோசைக்கு ஆகாத கெட்டியில் ஒரு மாவு,
சட்டியில் பரப்பினேன்.

இனிமேல்தான் கிறுக்குத்தனம்.
அதன் தலையில் இன்னும் கோக்கோ, இன்னும் சர்க்கரை.
அதன்மேல் கொதிக்கக் கொதிக்க
இரண்டு கப் கோப்பி-ஓ.
ஊற்றிவிட்டுக்
கிளறக் கூடாது.

கிளறக் கூடாதா?
கேசரி கிளறிய கை இது.
தோள்பட்டை கழன்று விழும்வரை
அல்வா கிளறிய கை.
எந்த இனிப்பும் எனக்குக்
கிளறாமல் கிடைத்ததில்லை.
எந்தச் சண்டையும்தான்.
கல்யாணத்தன்று அவன் அக்கா சொன்ன ஒரு சொல்லை
ஆறு வருடமாக
அடிப்பிடிக்க விடாமல் வைத்திருக்கிறேன்.

சட்டியில் கறுப்புத் தண்ணீர் நின்றது.
தெங்காவில் எங்கள் பிளாக் எழும்ப வேண்டிய இடத்தில்
போன டிசம்பரில் பார்த்தோமே, அதே குட்டை.
மாவைக் காணோம்.
கரண்டி கையில் இருந்தது.

நாலாயிரம் வெள்ளி.
புது வீட்டு அடுப்படிக்கு, ஓவனுக்கு என்று
தனியாக வைத்த காசு.
தம்பிக்குக் கொடுத்துட்டேன் என்றான்,
பல் தேய்த்துக்கொண்டே,
வாய் நிறைய நுரையோடு.

கரண்டியைக் கழுவி மாட்டினேன்.
'குட் மார்னிங்' துண்டை நாலாக மடித்து
மூடிக்கு அடியில் கொடுத்தேன்,
ஆவி சொட்டி நமுத்துவிடாதபடி.
இரண்டரை மணி நேரம்.
திறந்து பார்ப்பதும்
கிளறுவதில்தான் சேர்த்தி.

எட்டரைக்கு வாசம்
கதவிடுக்கு வழியாக வெளியே போனது.
ஒப்பந்தத்தில் வாசத்துக்கு வரி இல்லை.
கதவு தட்டும் சத்தம்.
மேடம் குவெக். கையில் ஒரு கிண்ணம், காலியாக.
என்ன சமைக்கிறாய் என்றார்.
லேசாகத்தான் என்றேன்.

பத்து மணிக்கு
ஏர்கானும் அவனும் ஒன்றாக வந்தார்கள்.
காலுறைகூடக் கழற்றாமல்
சட்டி முன் உட்கார்ந்தான்.
மேலே வெடிப்பு விட்ட, சாதாரண கேக்.
கரண்டியை இறக்கினான்.
ஊற்றிய தண்ணீர் அத்தனையும்
அடியில் போய்க் குழம்பாகிக் கிடந்தது,
மினுங்கிக்கொண்டு ஏறி வந்து
அவன் தோண்டிய பள்ளத்தை
அவசரமில்லாமல் நிரப்பியது.

"இது எப்படிக் கீழே போச்சு?"
"தெரியாது. நான் தொடலை."

நாக்கைச் சுட்டுக்கொண்டான். ஊதினான்.
இன்னொரு வாய்.
"அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தான்,
உதட்டோரம் சாக்லேட்.
"சூடா இருக்கறப்பவே சாப்பிடு."

சட்டியின் ஒரு ஓரம் நன்றாகவே கருகியிருக்கிறது.
பன்னிரண்டு வெள்ளிக்கு
சூடு சமமாக வருமா?
தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டிருக்கிறேன்.
நாளை அவனுக்கு லீவு.
சுரண்டணும்,
ரெண்டு பேருமாக.