மற்றவை

புதிய வேலைக்கான படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி:
அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும்?
பத்து வருடம் யோசிக்காமல் யாஸ்னாவின் எண்ணை எழுதினேன்.
யாஸ்னா இப்போது வால்டிவியாவில், கைக்குழந்தையோடு.
இரவில் ஃபோனை அணைத்துவிடுகிறாள்.
நயாரெத்தைப் போடலாம்.
நாங்கள் கடைசியாகப் பேசியது
அவள் எனக்கு விற்ற சலவை இயந்திரத்தின்
உத்தரவாத அட்டையைப் பற்றி.
அம்மாவைப் போடலாம்,
கேட்டதும் மயங்கி விழுவாள்,
பிறகு இரண்டு அவசரம்.

படிவத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன்.
முப்பதுக்கு இன்னும் ஒன்பது நாள்.

புந்தா அரேனாஸ்.
வரைபடத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள்
கீழ்மூலையில் ஆணியடித்து மறைத்துவிடும் ஊர்.
காற்று முற்றும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
பதினேழு வயதில் நாங்கள் நால்வரும்
பிடிக்காமல் கடப்பதாகப் பந்தயம் கட்டினோம்.
மிர்கோவை மட்டும் காற்று தூக்கி
ரொட்டிக்கடைக் கதவில் அறைந்தது.
உள்ளே இருந்தவர்கள் பாவம் பார்த்து
சூடாக ஒன்று கொடுத்தார்கள்.
ஜெயித்தது தான்தான் என்று
வாயில் ரொட்டியோடு சொன்னான்.

கலாஃபாத்தே பழம் தின்றவர்
திரும்பி வருவார் என்பது இங்கே பேச்சு.
போகும்போது மிர்கோ ஒரு ஜாடி ஜாமே கொண்டுபோனான்.
ஆறு வருடத்தில் ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தான்.
என் சோஃபாவில் தூங்கினான்.
காலையில் போர்வையை
விருந்தாளியைப் போல மடித்து வைத்துவிட்டுப் போனான்,
நாலு மூலையும் சரியாக.
அதன் பிறகு பேச்சில்லை.
சண்டையும் இல்லை.
இருந்திருந்தால் சமாதானத்துக்காவது அழைத்திருப்பேன்.

வியாழன் பின்னிரவு நாலு மணிக்கு சாந்தியாகோவிலிருந்து அழைப்பு.
அங்கே மணி மூன்று.
ஒரே நாடு, கடிகாரம் மட்டும் தனிக்குடித்தனம்.
மிர்கோ குஸ்மானிச்சுக்கு வேண்டியவர் நீங்கள்தானே?
ஒரு பெண்குரல்.
குடல்வால் வெடித்திருக்கிறது, காய்ச்சலில் உளறுகிறார்,
பதிவு அட்டையில் உங்கள் எண்தான் இருக்கிறது.
அவருக்கு நீங்கள் என்ன உறவு?

தோழி என்றேன்.
தட்டச்சு ஓசை நின்றது.
பட்டியலில் அப்படி ஒன்று இல்லையே,
மனைவி இருக்கிறது, சகோதரி இருக்கிறது...
மற்றவை என்று போடட்டுமா?
போடுங்கள்.
அவரைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது
ஏதாவது உண்டா?

நான் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது:
பென்சிலின் கொடுத்துவிடாதீர்கள்.
பத்தொன்பது வயதில் ஒரு பல்வலி, ஒரே ஒரு மாத்திரை,
முகம் பூசணிக்காயாகி மூச்சு விசிலடித்தது.
யாஸ்னாவும் நானும் வராந்தாவில் விடியும்வரை இருந்தோம்.
அதுவும் ஜூன் மாதம்தான்,
இங்கே விடிவதற்குக் காலை பத்தாகும்.

மறுமுனையில் அவள் யாரையோ கூப்பிட்டாள்.
ஓடுகிற செருப்புச் சத்தம்.
நல்லவேளை, என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் என்ன தூக்கம்.
மாத்தேவுக்கு வைத்த தண்ணீர் மூன்று முறை கொதித்து ஆறியது.
அவன் எங்கே வேலை பார்க்கிறான், தெரியாது.
யாரோடு இருக்கிறான், தெரியாது.
எதற்கு வீங்குவான் என்று தெரியும்.
கையிருப்பு அவ்வளவுதான்.
இரவு மூன்று மணிக்கு அது செல்லுபடியானது.

ஞாயிறு மாலை அவனே அழைத்தான்.
நூலிழைக் குரல்.
பச்சை நிறத்தில் ஜெல்லி தருகிறார்கள் என்று புகார்.
என் எண்ணை எதற்குக் கொடுத்தாய், என்றேன்.
மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான், என்றான்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டான்,
அங்கே காற்று எப்படி?

தோளால் முட்டி ஜன்னலைத் திறந்து
ஃபோனை வெளியே நீட்டினேன்.
கை மரத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.
பின்னால் ஜாடி உருண்டது,
படிவம் பறந்து அடுப்புக்கு அடியில் போனது.
போகட்டும்,
அப்புறம் குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.