குழியை விடப் பெரிய மேடு

பதினாறு அடி நீளம், பத்தடி அகலம்,
இடுப்பளவு ஆழம்.
நீராவிக் குளியலறைக்கு இது போதும் என்றான் டவுனோ.
எனக்கும் அப்படித்தான் பட்டது,
வாடகை இயந்திரம்
முதல் கை மண்ணை அள்ளிக் கொட்டும்வரை.

மண்ணுக்குள் மண் நெருக்கி உட்கார்ந்திருக்கிறது,
மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் போல.
ஒருமுறை எழுப்பிவிட்டால்
திரும்ப அப்படி உட்காராது.
குழி மூன்று என்றால் மேடு நான்கு.
இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தண்டர் பேயில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு
ஒரே ஒரு பெருமை உண்டு:
ஏரிக்கு அப்பால் மல்லாந்து படுத்திருக்கும் பூதமலை.
கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பது பழைய பேச்சு.
நாங்கள் வெட்டினோம்,
பூதம் மறைந்தது.
மதியம் கால்கள் மட்டும் தெரிந்தன.
மாலையில் அதுவும் இல்லை.

நகராட்சிக்குப் போன் செய்தேன்.
எடை போட்டுக் காசு என்றார்கள்.
லாரிக்காரன் சொன்ன தொகைக்கு
இன்னொரு குளியலறை கட்டலாம்.
அட்டையில் எழுதி வேலியில் மாட்டினோம்:
மண் இலவசம்.
மறுநாள் அதன் கீழே யாரோ பென்சிலில்,
'கல்லுமா?'

வெய்ன் வந்தான். ஒரு சிட்டிகை எடுத்து
விரலிடுக்கில் திரித்தான், மோந்தான்.
'களி. ஒன்றும் முளைக்காது' என்று
என் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.
டார்சி தன் வண்டியில் மூன்று நடை எடுத்தான்.
மூன்றாவதில் வண்டி தரையில் வயிறு உரசியது.
ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு
நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவன்
வாளி வாளியாக அள்ளினான்.
யார் என்று இன்றுவரை தெரியாது.
நாங்கள் விளக்கைப் போடாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்,
நன்றி சொன்னால் நிறுத்திவிடுவானோ என்று.

அப்புறம் உறைபனி.
மண்வெட்டி பட்டால் மேடு மணியடித்தது.
அதன்மேல் பனி, பனியின்மேல் பனி,
அதன்மேல் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளும்,
தட்டு, அட்டை, குப்பைத்தொட்டி மூடி எதிலும்
சறுக்கினார்கள்.
ஒருத்தி காகிதத்தில் மகன் பல்லைச் சுற்றிக்கொண்டு
வாசலில் நின்றாள்.
டவுனோ ஃபின்னிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டான்.
மனசாரக் கேட்கும்போது அவனுக்கு
வேறு மொழி வராது.

ஏப்ரலில் மேடு இளகி நடக்கத் தொடங்கியது.
வேலிக்கடியில் நுழைந்து
ஒலேனாவின் ருபார்ப் பாத்தியில் போய்ப் படுத்தது.
அவள் ஒரு சொல் பேசவில்லை.
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து
வேலிக்கு மேலாக, ஒவ்வொரு வெட்டாக,
எங்கள் மண்ணை எங்களிடமே எறிந்தாள்.
நான் துணி காயப்போடும் சாக்கில்
உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் டார்சியின் மச்சான்
விமான நிலையப் பக்கம் பள்ளமான மனை வாங்கினான்.
இரண்டு லாரி, ஒரே காலை.
போகும்போது நாங்கள் அவனுக்கு
எண்பது டாலரும் ஒரு புட்டி விஸ்கியும் கொடுத்தோம்.
பூதம் முழுசாக வந்து படுத்தது, நெஞ்சு, மூக்கு எல்லாம்.
மேடு இருந்த இடத்தில் புல் வெளிறி,
கட்டு பிரித்த கால் மாதிரி.
அன்றிரவு முதன்முதலாக அடுப்பு மூட்டினோம்.
கல்லில் தண்ணீர் சீறியது.
டவுனோ ஒன்றும் பேசவில்லை.
சந்தோஷம் என்று அர்த்தம்.

ஜூனில் நான்கு நாள் மழை.
வடக்குச் சுவரோரம் நாங்கள் இட்டு நிரப்பிய மண்
முழங்கால் ஆழத்துக்கு உள்வாங்கி,
அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் குளம் கட்டியது.
கூப்பிடாமலே வந்து எட்டிப் பார்த்த வெய்ன்,
'களியைக் கொண்டு மூடு.
ஐந்தாறு தள்ளுவண்டி போதும்' என்றான்.

டவுனோ என்னைப் பார்த்தான்.
நான் புல்லைப் பார்த்தேன்.

சனிக்கிழமை கடையில்
பூப்படம் போட்ட பைகள் அடுக்கியிருந்தன.
களி கிடையாது, இதுதான்.
பை ஆறு டாலர் தொண்ணூற்றொன்பது.
இருபத்திரண்டு பை.
'தோட்டம் போடுகிறீர்களா?' என்று
கல்லாவிலிருந்த பெண் கேட்டாள்.
'ஆமாம்' என்றான்.

வண்டியில் ஏற்றும்போது ஒரு பை கிழிந்தது.
குனிந்து, உட்கார்ந்து,
தார்த்தரையிலிருந்து அந்த மண்ணை
உள்ளங்கையால் வழித்து எடுத்தான்,
ஒரு பிடி விடாமல்.